கவுன்சிலர் கொடுத்த மருந்து

"இந்தப் பாட்டில்ல என்னட்டி எழுதிருக்கு?" என்று மாரித்தாய் பெரியம்மை ஒரு காலையில் என்னிடம் கேட்டாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் தெருவில் கரண்டு பில், ரேஷன் கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன்.

அவள் நீட்டிய பாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே வெள்ளை மருந்து. மேலே இங்கிலீஷில் பொடி எழுத்து. நெ-வி-ர-பின் என்று கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். அது எதற்கான மருந்து என்றும் தெரியும். பெரியம்மையின் முதுகுக்குப் பின்னால், உள்வீட்டு நிலையில் சாய்ந்தபடி அவளுடைய மருமகள் முத்துராணி மைனி பன்னிரண்டு நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொய் சொல்லவும் வராது. பொய் சொல்ல நாலு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டுமே.

"கவுன்சிலர் குடுத்தது பெரியம்ம" என்றேன்.

அது உண்மைதான். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் ஓர் அம்மா இருக்கிறாள். அழுகிறவர்களை அழ விட்டு, பிறகு மாத்திரை எப்படிப் போட வேண்டும், பிள்ளையை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புவது அவள் வேலை. அந்த வேலைக்குப் பெயர் கவுன்சிலர். ஆனால் எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்தான்.

"கவுன்சிலரா?" பெரியம்மை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதான பாத்தேன், எலெக்சன் வரப்போவுதுல்லா. போன தடவ சேல குடுத்தான். ஒரு நனப்புல சாயம் போயிட்டு. இந்தத் தடவ பச்சப்பிள்ளைக்கு மருந்தா?"

"அவரு இல்ல. இது பொம்பள" என்றேன்.

"பொம்பள வார்டா ஆக்கிட்டானுவளா? எனக்கு யாரும் சொல்லலியே!"

உள்ளே மைனி சிரித்துவிட்டாள். ஏழாம் மாதத்தில் ஊர் வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. பால் குடித்த பிள்ளை அதிர்ந்து வாயை எடுத்தது. பெரியம்மைக்கும் சந்தோசம். தன் மருமகளுக்கு கவுன்சிலர் வரைக்கும் பழக்கம் என்று அன்றைக்கே தெருவில் சொல்லிவிட்டாள்.

பெரியம்மை வாழை இலை அறுக்கிறவள். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் எங்கள் பக்கம் வாழைதான். விடியக் கருக்கலில் தொரட்டியும் கத்தியுமாகப் போனால், வெயில் ஏறுமுன் இலைகளைக் கட்டி ரோட்டில் போட்டாக வேண்டும். ஏழு மணி வண்டியைத் தவறவிட்டால் இலை வாடிவிடும். நானும் அவள் கூட்டத்தில்தான் போகிறேன். நுனி இலையை ஒரு பக்கம், கிழிந்ததை ஒரு பக்கம் பிரித்து அடுக்குவது என் வேலை. வாழைக்கறை பட்டுப் பட்டு எங்கள் எல்லாருடைய விரலும் கறுத்திருக்கும். பெரியம்மைக்குப் புருசன் போய் ரொம்ப வருசம். ஒரே மகன் பேச்சிராஜ் அண்ணன் பூனாவில் முறுக்குக் கம்பெனியில் சரக்கு மாஸ்டர். கல்யாணம் ஆனதும் மைனியையும் அங்கே கூட்டிப் போய்விட்டான். பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். மைனிக்குத் தாய் இல்லை. அதனால் மாமியார் வீட்டுக்கே வந்தாள்.

வந்த மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து நர்சம்மா வீட்டுக்கு வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். பெரியம்மைக்கு அன்றைக்கு இலை அறுப்பு. என்னைக் காட்டி, "இவளக் கூட்டிட்டுப் போ. ஊமையா வருவா, ஊமையா திரும்புவா, ஒனக்கு ஒரு எடஞ்சலும் இருக்காது" என்றாள்.

அங்கே ஓர் அறை வாசலில் 'நம்பிக்கை மையம்' என்று எழுதியிருந்தது. மைனி மட்டும் உள்ளே போனாள். ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்தவள் முகம் கழுவிவிட்டு, "வாட்டி, டீ குடிப்போம்" என்றாள். டீக்கடைப் பெஞ்சில் வைத்துத்தான் சொன்னாள். தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, பிள்ளைக்கு வராமல் தடுக்க முடியும், இன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள் என்று.

"ஏன் எங்கிட்டச் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"யார்ட்டயாவது சொல்லணும்லா. ஒங்கிட்டச் சொன்னா சொவத்துக்கிட்ட சொன்ன மாதிரி."

அந்தச் சுவர் நோட்டில் எழுதி வைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இதில் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்கே பூனாவுக்குப் போன் போட்டாள். அண்ணனும் அங்கே பரிசோதித்துக்கொண்டான். அவனுக்கும் இருந்தது. அவனும் மாத்திரை தொடங்கினான். "அம்மைட்ட மட்டும் சொல்லிராத. அவ செத்துருவா" என்று போனில் அழுதானாம். மைனி அழவில்லை. அழுதால் மாத்திரை வாந்தியாகிவிடுமோ என்று பயந்தாளாம்.

பெண் பிள்ளை பிறந்தது. பிறந்தவுடன் முதல் சொட்டு மருந்தை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள், பெரியம்மை அறுப்புக்குப் போய் நான் துணைக்கு இருந்தபோது, அந்தக் கவுன்சிலர் அம்மா வார்டுக்கே வந்தாள். சித்தி ஜனாபா என்று பெயர். மேலப்பாளையத்துக்காரி. எல்லாரும் ஜனாபா மேடம் என்பார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பைய, மெல்லிய குரலில் சொன்னாள்.

"முத்துராணி, நீங்க மாத்திரைய லேட்டா ஆரம்பிச்சதால பிள்ளைக்கு இந்த மருந்து பன்னெண்டு வாரம். தெனமும் ஒரே நேரம். ஒங்க மாத்திரையும் ஒரு நாள் தவறக் கூடாது. ஆறாவது வாரம் பிள்ளைக்குக் குதிகால்ல ரத்தம் எடுத்துப் பாப்போம். இப்ப முக்கியமானது சொல்லுதேன். ஆறு மாசத்துக்குப் பால். பால் மட்டும். தண்ணி கூட வேண்டாம், தேன் வேண்டாம், உரமருந்து வேண்டாம்."

"பாலே குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன் மேடம்."

"மாத்திரை ஒழுங்காப் போட்டா பால் குடுக்கலாம். பாலும் குடுத்து வேற எதையாவதும் சேத்துக் குடுக்கதுதான் ஆபத்து. பச்சப்பிள்ள கொடல் உள்பக்கம் வாழைக் குருத்து மாதிரி. வேற எது பட்டாலும் கீறிரும். அந்தக் கீறல்ல கிருமி நொழஞ்சிரும்."

வாழைக் குருத்து என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்தது. நகம் பட்டாலே கோடு விழும்.

மைனி சொன்னாள்: "எங்க அத்தைதான் மேடம் எங்க தெருவுக்கே உரமருந்து குடுக்கவ."

ஜனாபா மேடம் பேனாவை மூடினாள். "அப்ப ஒங்களுக்கு வேலை கூடுதல்" என்றாள்.

அது அப்படித்தான். உரமருந்து என்றால் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. எல்லாவற்றையும் கல்லில் தாய்ப்பால் விட்டு இத்தனை சுற்று என்று உரசி, விரலால் வழித்து, குளிப்பாட்டிய பிள்ளையின் நாக்கில் தடவுவாள் பெரியம்மை. உள்ளங்கை அகலக் கறுப்புக் கல். நடுவில் சின்னக் குழி. தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அந்தக் கல்லுக்குத்தான் ஆள் வரும். வயிறு உப்பாது, சீர் தட்டி வயிற்றால் போகாது என்பார்கள். என் நாக்கிலும் அந்த விரல் பட்டிருக்கிறது. பிறத்தியார் பிள்ளைக்கெல்லாம் உரசியவள், தன் மகன் பிள்ளைக்கு உரச இத்தனை வருசம் காத்திருந்தாள்.

பாட்டிலைப் பற்றி என்னிடம் கேட்ட அடுத்த செவ்வாய்க்கிழமை, பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டிய கையோடு கல்லை எடுத்து அடுப்படியில் வைத்தாள்.

"வேண்டாம் அத்த" என்றாள் மைனி.

"எது வேண்டாம்?"

"உரமருந்து. பாலத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ."

"யாரு சொன்னா?"

மைனி என்னைப் பார்த்தாள். "கவுன்சிலர்" என்றாள்.

"அவளுக்கு என்னளா தெரியும் பிள்ள வளக்க? ரோடு போடச் சொல்லு, கேப்போம். தெருவுல லைட்டு எரியல, அதச் செய்யச் சொல்லு. எங்கல்லு அவள என்ன செஞ்சிச்சு?"

அன்றைக்கு அதோடு நின்றது. ஆனால் கல்லைப் பரணில் ஏற்றவில்லை. அடுப்படியிலேயே இருந்தது.

இலை அறுக்கிற இடத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆனி மாதம். மேகாற்று வீசி மலைச்சாரலை இழுத்துவந்து தோட்டத்தில் தெளித்துக்கொண்டிருந்தது. ஈரச் சருகில் உட்கார்ந்து பழைய கஞ்சி குடிக்கும்போது, எதிர்வீட்டு சாரம்மாள் அக்கா ஆரம்பித்தாள்.

"மாரித்தாயக்கா, எம்மவ அடுத்த மாசம் பெறுவா. ஒங்கல்லு வந்துருமா, இல்ல மருமவ பூட்டி வச்சுக்கிட்டாளா?"

"எதுக்குளா பூட்டுதா?"

"ஒங்க பேத்திக்கே கல்லு படலியாமே. பூனா பாத்த பிள்ளைக்கு நம்ம வசம்பு நாறும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மை கஞ்சியைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து கத்தியை எடுத்தாள். அன்றைக்கு நுனி இலையில் பாதி கிழிந்து வந்தது.

ஆனாலும் மைனிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உவரியிலிருந்து மீன்காரி கூடையில் பால்சுறா வந்தால் கடைசிக் காசைக் கொடுத்தாவது வாங்கிவிடுவாள். வேகவைத்து உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டாக்கி, "தின்னு. பால் சொரக்கும். பாலு மட்டுந்தான குடுப்பே, அதயாவது நல்லாக் குடு" என்று தட்டை நகர்த்துவாள். திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள்.

ஒருநாள் நான் முற்றத்தில் பிள்ளைத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மைனி குளிக்கப் போயிருந்தாள். உள்ளே கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. கர், கர் என்று. எழுந்து ஓடினேன். பெரியம்மை சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் கிடத்தி, மருந்து வழித்த விரலை அதன் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். எனக்குக் குரல் வரவில்லை. "மைனி" என்று நான் கத்தியதாக அவர்கள் இரண்டு பேரும் பிறகு சொன்னார்கள்.

பாவாடையை மார்பில் கட்டியபடி, தலையில் சோப்பு நுரையோடு மைனி வந்தாள். பெரியம்மையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை, தட்டிவிடவில்லை. குனிந்து அந்த விரலைத் தன் வாயில் வைத்து, மருந்து முழுவதையும் சப்பிவிட்டாள்.

பெரியம்மை வாய் பிளந்து பார்த்தாள்.

கசப்பில் மைனியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் தின்னா பால் வழியாப் பிள்ளைக்குப் போயிரும் அத்த. நீங்க தெனமும் உரசுங்க. நான் நக்கிக்கிடுதேன்."

"பைத்தியக்காரி! ஒனக்காளா உரசுனேன்?"

"எனக்குத்தான் உரசணும். பிள்ள நாக்குல எது பட்டாலும் நான் விட மாட்டேன். நீங்க என்ன வீட்ட விட்டு வெரட்டுனாலும் சரி."

பெரியம்மை பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். கல்லைத் தூக்கி அடுப்புத் திண்டில் டக்கென்று வைத்தாள். "நானும் சொல்லுதேன் கேட்டுக்கோ. என் பேத்தி நாக்குல படாம இந்தக் கல்லு இந்த வீட்டு நடையத் தாண்டாது. சாரம்மா மவளுக்கும் கெடையாது, எவளுக்கும் கெடையாது."

அதன் பிறகு தினமும் அவள் உரசினாள். தினமும் மைனி நக்கினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே செய்தார்கள். காலை ஏழு மணிக்கு மைனியின் போனில் அலாரம் அடிக்கும். உடனே பாட்டிலைக் குலுக்கி, ஊசியில்லாத சின்னக் குழாயில் அளந்து பிள்ளைக்கு ஊற்றுவாள். பிறகு தன் மாத்திரை. அறுப்பு இல்லாத நாளில் பெரியம்மை அதைப் பார்த்து, "கவுன்சிலர் மருந்துக்கு மட்டும் மணியடிச்சுப் பூசை" என்பாள்.

ஆறாவது வாரம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் பெரியம்மை ஒரு வெள்ளைத்தாளை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"எழுதுட்டி. கவுன்சிலரம்மா அவர்களுக்குன்னு போடு. எங்க வீட்டுக் கூரை ஓட்ட. மழ பெஞ்சா உள்ள ஏழு எடத்துல சட்டி வைக்கோம். கைப்பிள்ள இருக்கு. கெவர்மெண்டு வீடு ஒண்ணு தரணும்னு எழுது. நாளைக்கு நானும் வாரேன். நேர்ல பாத்துக் குடுத்தாத்தான் மரியாத."

எழுதினேன். வேறு என்ன செய்ய? ஓடிப்போய் மைனியிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வரட்டும்" என்றாள்.

பஸ்ஸில் பெரியம்மை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். இருப்பதிலேயே நல்ல சேலை, தலையில் பிச்சிப்பூ, மடியில் மஞ்சள் பை. பையில் மனுவும் ஒரு சீப்புக் கதலிப்பழமும். நாங்குநேரி தாண்டுவதற்குள் முன்சீட்டு, பின்சீட்டு எல்லாருக்கும் கவுன்சிலரைப் பார்க்கப் போகிற விசயம் தெரிந்துவிட்டது. மைனி பிள்ளையை மாராப்புக்குள் அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அறை வாசலில் நின்று பெரியம்மை பெயர்ப்பலகையைக் காட்டி, "இதுல என்னட்டி எழுதிருக்கு?" என்றாள்.

"நம்பிக்கை மையம்."

"நல்ல பேருதான் வச்சிருக்கா" என்று உள்ளே போனாள்.

ஜனாபா மேடம் எழுந்து வணக்கம் சொன்னாள். பெரியம்மை பழத்தை மேசைமேல் வைத்து, மனுவை இரண்டு கையாலும் நீட்டினாள். மேடம் முழுவதும் வாசித்தாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. வாசித்துவிட்டு மைனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது.

"அம்மா, நான் நீங்க நெனைக்க கவுன்சிலர் இல்ல."

"அப்ப எந்தக் கவுன்சிலர்?"

மேடம் மனுவை மடித்து மேசைமேல் வைத்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, நான் முத்துராணிகிட்டப் பேசிட்டுக் கூப்பிடுதேன்" என்றாள்.

"இருக்கட்டும் மேடம்" என்றாள் மைனி. "நானே சொல்லிருதேன். இன்னும் நாலரை மாசம் இருக்கு. எத்தன நாளைக்கு இவங்க வெரல நக்குவேன்?"

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். சுத்தி வளைக்கவில்லை. தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, உங்கள் மகனுக்கும் இருக்கிறது, இரண்டு பேரும் மாத்திரை போடுகிறோம், பாட்டில் மருந்து பிள்ளைக்கு வராமல் இருக்கத்தான். கல் ஏன் படக் கூடாது என்பதையும் வாழைக் குருத்துக் கணக்காகவே சொன்னாள்.

மகனைப் பற்றி மைனி சொன்ன இடத்தில் பெரியம்மை ஒருதரம் நிமிர்ந்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். வாழைக்கறை படிந்த ஆள்காட்டி விரல். அதைச் சேலையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"பிள்ளைக்கு?" என்றாள்.

"அதப் பாக்கத்தான் வந்துருக்கோம்."

அடுத்த அறையில் நர்சு பிள்ளையின் பாதத்தைச் சூடாகத் தேய்த்து, குதிகாலில் குத்தினாள். ஓர் அட்டையில் வட்டம் வட்டமாக அச்சடித்திருந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு. பிள்ளை வீறிட்டது. மைனி அதன் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பெரியம்மை வாசலில் முதுகைக் காட்டியபடி நின்றாள். அழுகை கேட்கக் கேட்க மஞ்சள் பையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில்தான் வாயைத் திறந்தாள்.

"எம்மவன்ட்டருந்து ஒனக்கா, ஒங்கிட்டருந்து எம்மவனுக்கா?"

மைனி பிள்ளைக்கு வெயில் படாமல் சேலையை இழுத்து மூடினாள்.

"நான் தேடல அத்த. தேடிக்கிட்டு இருந்தா ஏழு மணி தவறிப்போவும். நீங்க தேடணும்னா ஒங்க மவன்ட்டக் கேளுங்க."

அதற்குப் பிறகு பெரியம்மை மைனியோடு பேசவே இல்லை. சமைத்தாள். பால்சுறா வந்தால் வாங்கினாள். ஆனால் மைனியின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துப் பின்வாசல் பக்கம் கவிழ்த்து வைத்தாள். மைனி அதைப் பார்த்தாள். கழுவித் துடைத்து, மற்றத் தட்டுகளுக்கு நடுவில் செருகினாள். மறுநாள் திரும்பவும் பின்வாசலுக்குப் போனது. திரும்பவும் நடுவில் வந்தது. ஒரு வார்த்தை இல்லாமல் நாலு நாள் இது நடந்தது. ஐந்தாம் நாள் தட்டு அடுக்கிலேயே இருந்தது.

கல் அடுப்புத் திண்டில் அப்படியே கிடந்தது. பெரியம்மை உரசவில்லை. தொடவும் இல்லை.

தோட்டத்தில் சாரம்மாள் அக்கா சும்மா இருப்பாளா?

"என்னக்கா, கவுன்சிலரப் பாத்துட்டு வந்ததுலேருந்து வாய்ல மண்ணு போட்ட மாதிரி இருக்கியே. என்ன சொன்னா?"

நான் அடுக்கிய இலை கையோடு நின்றுவிட்டது. பெரியம்மை கத்தியைத் தண்டில் குத்தி நிறுத்தினாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"வீடு தாரேன்னுருக்கா" என்றாள்.

"நெசமாவா?"

"ஆறு மாசம் ஆவுமாம். மருமவ அடிக்கடி போயி நெனவுபடுத்தணுமாம். இல்லேன்னா பேர வெட்டிருவாளாம்."

"அதுக்குத்தான் மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போறாளா?"

"ஆமா. பிள்ளையக் காட்டுன மாதிரியும் ஆச்சு, அவளப் பாத்த மாதிரியும் ஆச்சு. ஒனக்கு வேணும்னா நீயும் ஒரு மனு எழுது. இந்தப் பிள்ள எழுதும்." என்னைக் காட்டினாள். பிறகு கத்தியைப் பிடுங்கி அறுக்கத் தொடங்கினாள். கத்தி படுகிற இடமெல்லாம் இலை கிழியாமல் முழுசாக வந்து விழுந்தது.

அன்று மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது பூனாவிலிருந்து போன் வந்தது. மைனி பிள்ளையைத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்தாள். பெரியம்மைதான் எடுத்தாள். வழக்கமாகச் சாப்பிட்டியா, சுகமா என்றுதான் கேட்பாள்.

"ஏலே, மாத்திர போட்டியா?" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ உடைந்த மாதிரி கேட்டது.

"அழாத. கேட்டதுக்குப் பதிலச் சொல்லு. போட்டியா, போடலியா?"

பதில் கேட்டதும் போனை வைத்துவிட்டாள். மைனி பக்கம் திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து, முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த மூன்று வாரமும் மைனி ஒருநாள் கூட ஏழு மணியைத் தவறவிடவில்லை. ராவும் பகலும் காற்று அடித்து, தோட்டத்தில் பாதி வாழை சாய்ந்து கிடந்தது. கூரையில் ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் பெரியம்மையே ஏறி ஓலை செருகினாள். பிள்ளை படுக்கிற இடத்துக்கு மேலே இரண்டு அடுக்கு.

நானும் மைனியும்தான் போனோம். பெரியம்மையை அவள் கூப்பிடவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெரியம்மை இலைக் கூலி வாங்கக் களக்காடு போயிருந்தாள். அவள் வந்து சேருவதற்குள் மைனி பிள்ளையை அணைத்தபடி தூங்கிப்போயிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ. பெரியம்மை எழுப்பவில்லை. கதவுப் பக்கம் உட்கார்ந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்ததை நான் எங்கள் வாசலில் இருந்து கண்டேன்.

மறுநாள் அறுப்பு இல்லை. காலையிலேயே நான் அங்கே போனேன். மைனி அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். பெரியம்மை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் குதிகாலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். குத்திய தடம் எப்போதோ ஆறிவிட்டது.

மைனி காப்பியை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இல்லையாம் அத்த" என்றாள். "பிள்ளைக்கு இல்லையாம்."

பெரியம்மையின் கட்டைவிரல் நின்றது.

"இது முத பரிசோதனைதான். ஆறு மாசத்துல ஒருக்கா பாக்கணும், ஒண்ணர வயசு வரைக்கும் பாக்கணும். இந்த மருந்து இன்னும் மூணு வாரம். பால் மட்டுந்தான், இன்னும் மூணு மாசத்துக்கு மேல கெடக்கு. ஒருநாள் கூட மாத்திக் குடுக்க முடியாது. நீங்க என்ன சொன்னாலும் முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோசச் செய்தி சொல்கிறவள் மாதிரி இல்லை. சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

காப்பி ஆறியது. கூரையில் செருகிய புது ஓலை காற்றில் படபடத்தது.

ஏழு மணி அலாரம் அடித்தது.

மைனி எழுவதற்குள் பெரியம்மை கையை எட்டி, மாடக்குழியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். நன்றாகக் குலுக்கினாள். குழாயையும் சேர்த்து மைனியிடம் நீட்டினாள். மைனி அளந்து ஊற்றும்வரை பிள்ளையின் தலை அசையாமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். கடைசிச் சொட்டு உதட்டோரம் வழியப் பார்த்தது. தொட வந்த தன் விரலை இழுத்துக்கொண்டு, மைனியையே துடைக்க விட்டாள். பிறகு செம்பில் தண்ணீர் மொண்டு, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளையை மைனியின் மடிக்கு மாற்றினாள்.

அடுப்புத் திண்டுக்குப் போனாள். மூன்று வாரச் சாம்பல் படிந்திருந்த கல்லை எடுத்து முற்றத்தில் வைத்துக் கழுவினாள். குழிக்குள் விரல் விட்டுத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்து, அதே முந்தானையில் பொதிந்து இடுப்பில் செருகினாள். வசம்புத் துண்டையும் ஜாதிக்காயையும் டப்பாவோடு எடுத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டில் சாரம்மாள் அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மைனி பால் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழியை விட்டு ஒதுங்கி நின்றேன். பெரியம்மை எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. இடுப்பில் கல்லோடு நடையைத் தாண்டி வெளியே போனாள்.